யாருடைய கிராக்கிக்கு இந்தப் பயிற்சி?

"நாட்டில் வேலை இருக்கிறது, அதற்குத் தகுதியான ஆள்தான் கிடைப்பதில்லை." கடந்த இருபது ஆண்டுகளாக இந்திய ஆளும் வர்க்கம் சலிப்பின்றி ஓதிவரும் மந்திரம் இது. 2005இல் நாஸ்காமும் மெக்கின்சி நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நால்வரில் ஒருவர் மட்டுமே பன்னாட்டு நிறுவனங்களில் பணியமர்த்தத் தக்கவர் என்றது. 2023-24ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை, படித்து வெளிவருவோரில் 51.25 சதவீதம் பேரே வேலைக்குத் தகுதியானவர்கள் என்று எழுதியது. அந்த எண்ணும் ஒரு தனியார் மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தாளப்பட்டதே. வேலை கொடுக்காதவர்கள் வேலை கிடைக்காதவர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அரசு அதனைத் தனது அதிகாரபூர்வ ஆவணத்தில் அச்சிடுகிறது. இதிலிருந்து பெறப்படும் முடிவும் ஆண்டுதோறும் மாறாமல் வருகிறது: தகவல் தொழில்நுட்பத் துறையின் தேவைக்கு ஏற்ப உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளியுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. பயிற்சியை யார்தான் எதிர்ப்பார்கள்?

இவ்விடத்தில் 'தேவை' என்ற சொல்லிடம் சற்று நின்று பார்ப்பது நல்லது. அரசு ஆவணங்களைத் தமிழாக்கும்போது, மக்களின் வாழ்க்கைக்கு வேண்டியதையும், சந்தை கேட்டு வாங்குவதையும் நாம் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். மார்க்சிய நூல்களை மொழிபெயர்த்த முன்னோடிகள் இந்த வேறுபாட்டில் கவனமாக இருந்தார்கள். சந்தை கேட்பதை அவர்கள் 'கிராக்கி' என்றே எழுதினார்கள். சற்றுக் கொச்சையாக ஒலிக்கும் சொல்தான். ஆனால் உண்மையைச் சொல்லும் சொல். கிராக்கி என்பது காசோடு வருவது, ஏறி இறங்குவது, ஒரு காலாண்டில் இருந்து மறு காலாண்டில் மறைவது. கோலாரிலோ கலபுரகியிலோ வேலையின்றி நிற்கும் இளைஞனின் தேவை அவ்வாறு ஏறி இறங்குவதில்லை. எனவே, பயிற்சியை எதனோடு பொருத்தப் போகிறோம் என்ற கேள்விக்கு விடை கண்ட பின்பே, அது போதுமா போதாதா என்ற விவாதத்துக்குள் நுழைய முடியும்.

கல்வியும் பயிற்சியும் இன்மையே வேலையின்மைக்குக் காரணம் என்றால், படிக்கப் படிக்க வேலையின்மை குறைந்திருக்க வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் வெளியிட்ட 2024ஆம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை இதற்கு நேர்மாறான சித்திரத்தைத் தருகிறது. 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம்; பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 சதவீதம். எழுத்தறியாத ஏழை இளைஞனுக்கு வேலைக்காகக் காத்திருக்கும் வசதி இல்லை. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் பட்டம் பெற்ற மூவரில் ஏறத்தாழ ஒருவருக்கு வேலை இல்லை என்ற நிலையை 'திறன் இடைவெளி' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது.

தகவல் தொழில்நுட்பத் துறையின் கிராக்கி எப்படி நடந்துகொள்கிறது என்பதை அண்மைய ஆண்டுகளே காட்டிவிட்டன. 2021-22இல் டிசிஎஸ் ஒரு நிறுவனம் மட்டும் சுமார் ஒரு லட்சம் புதிய பட்டதாரிகளைச் சேர்த்தது. பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே இணையத்துக்கு மாறியதால் எழுந்த கிராக்கி அது. இரண்டே ஆண்டுகளில், 2023-24இல், டிசிஎஸ், இன்போசிஸ், விப்ரோ ஆகிய மூன்று நிறுவனங்களின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 64,000 குறைந்தது. துறை முழுவதிலும் அவ்வாண்டு நிகரமாகக் கூடிய வேலைகள் சுமார் 60,000தான் என்று நாஸ்காமே கணக்கிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அது 2,90,000 ஆக இருந்தது. ஒரு பொறியியல் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். 2021இல் நிலவிய கிராக்கியைப் பார்த்துக் கணினி அறிவியலில் சேர்ந்த பிள்ளை, 2025இல் வெளியே வரும்போது அந்தக் கிராக்கி கரைந்துபோயிருந்தது. இதில் அந்தப் பிள்ளையின் திறன் குறைந்தது எங்கே? கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோர் செய்த பிழைதான் என்ன?

இவ்வளவு நடந்த பின்னும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2024-25 கல்வியாண்டிலிருந்து ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடங்கள் இருக்கலாம் என்ற உச்சவரம்பையே நீக்கியது. தனியார் கல்லூரிகள் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரவியலையும் சுருக்கிவிட்டுக் கணினிப் பிரிவுகளைப் பெருக்கின. சந்தையின் கிராக்கிக்குக் கல்வியைப் பொருத்துவது என்ற கோட்பாட்டின் செயல்வடிவம் இதுவே.

பயிற்சியை வெற்றிகரமாக முடித்து, தேர்வில் வென்று, பணி நியமனக் கடிதமும் பெற்றவர்களின் கதி என்ன? இன்போசிஸ் நிறுவனம் 2022இல் தேர்வு செய்த பட்டதாரிகளை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வைத்து, 2024இன் பிற்பகுதியில்தான் மைசூருவிலுள்ள தனது பெரும் பயிற்சி வளாகத்தில் சேர்த்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில், உள்தேர்வுகளில் தேறவில்லை என்று கூறி அவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. வெளியேற்றப்பட்டோரின் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்று ஊழியர் அமைப்பு குற்றம் சாட்டியது. அதே ஆண்டு ஜூலையில் டிசிஎஸ் தனது பணியாளர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நீக்கப் போவதாக அறிவித்தது. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்றது. பதினைந்து, இருபது ஆண்டுகள் அத்துறையிலேயே உழைத்துத் தேர்ந்தவர்களிடமும் திறன் பொருந்தவில்லையாம். புதியவனுக்கு அனுபவம் போதாது. அனுபவசாலிக்குப் புதுமை போதாது.

நமது பார்வையில் இதன் பொருளாதாரம் எளிதானது. உழைப்புச் சக்தியின் மதிப்பில் அதனைப் பயிற்றுவிக்க ஆகும் செலவும் அடங்கும் என்று மார்க்ஸ் மூலதனம் முதல் தொகுதியில் விளக்கியிருக்கிறார். அச்செலவை யார் தலையில் கட்டுவது என்பதே இன்றைய போட்டி. ஒரு காலத்தில் இந்நிறுவனங்கள் எந்தப் பிரிவில் பட்டம் பெற்றவரையும் சேர்த்து, முழுச் சம்பளம் கொடுத்து, மாதக்கணக்கில் தாமே பயிற்சி அளித்தன. இன்று அந்தச் செலவு படிப்படியாக மாணவரின் குடும்பத்துக்கும் அரசுக் கருவூலத்துக்கும் மாற்றப்படுகிறது. கல்லூரிக் கட்டணத்துக்கு மேல், 'வேலைக்குத் தயார்' ஆக்கும் தனியார் வகுப்புகளுக்கும் சான்றிதழ்களுக்கும் தனிக் கட்டணம். அதே வேளையில் தொடக்கச் சம்பளமோ பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்திலேயே தேங்கி நிற்கிறது. 2024இல் காக்னிசன்ட் நிறுவனம் மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தபோது நாடெங்கும் கேலிக்குரல் எழுந்தது நினைவிருக்கலாம். ஆள் பற்றாக்குறை உண்மையானால் கூலி உயர வேண்டும். அது எந்தப் பாடநூலிலும் உள்ள விதி. கூலி உயரவில்லை என்றால் பற்றாக்குறை ஆளில் இல்லை. வாசலில் வரிசை நீள நீள, உள்ளே இருப்பவனின் குரல் தாழ்கிறது. சேமப்படை செய்யும் வேலை அது.

அரசின் பயிற்சித் திட்டங்களுக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை 2022க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்றது. 2015இல் புதிய கொள்கை வந்தது. 2022க்குள் 40 கோடி என்றது. பிரதமர் கௌசல் விகாஸ் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதன் முதல் மூன்று கட்டங்களைத் தணிக்கை செய்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றதாகக் காட்டப்பட்டவர்களில் 94 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரம் பூஜ்ஜியங்களாகவோ வெற்றிடமாகவோ இருந்தது. ஒரே புகைப்படம் பலருக்குப் பயன்பட்டிருந்தது. குறுகிய காலப் பயிற்சியும் சிறப்புத் திட்டப் பயிற்சியும் முடித்துச் சான்று பெற்றவர்களிலேயே சுமார் 41 சதவீதம் பேருக்குத்தான் வேலை கிடைத்ததாகக் கணக்கு. அந்த வேலைகள் எவ்வளவு காலம் நீடித்தன என்பது வேறு கதை. இத்திட்டங்களை நடத்தும் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பங்குகளில் 51 சதவீதம் தனியாரிடம். பணத்தில் பெரும்பகுதியோ மக்களுடையது. தகவல் தொழில்நுட்பத்துக்கான திறன் கவுன்சிலை நடத்துவது முதலாளிகளின் சங்கமான நாஸ்காமே. எந்தத் திறன் வேண்டும், யார் தேறினார், யார் தேறவில்லை என்று தீர்மானிப்பவரும் அவரே, பயன்பெறுபவரும் அவரே.

இத்துறையின் பெயரால் ஏழை மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது தரவு உள்ளீட்டாளர், தொலைபேசி வழி வாடிக்கையாளர் சேவை போன்ற சில மாதப் படிப்புகளே. செயற்கை நுண்ணறிவு முதலில் விழுங்கத் தொடங்கியிருப்பதும் இவ்வேலைகளைத்தான். 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை. அதில் 4,500 அரசுடையது, நிறுவனத்தின் பங்கு 500. அதையும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கொடுக்கலாம். நாட்டின் தலைசிறந்த 500 நிறுவனங்கள் ஓர் இளைஞனின் ஒரு நாள் உழைப்புக்குத் தம் பங்காகப் பதினேழு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை.

ஒரே முதலாளியின், ஒரே தொழிலின் கிராக்கிக்கு ஒரு வட்டாரத்தின் உழைப்பைப் பொருத்திவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நமது இயக்கம் நன்கறிந்த ஊர் ஒன்று சாட்சியாக இருக்கிறது. கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழ் உழைப்பாளிகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிப் பாறை உடைத்தார்கள். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் எட்டிய ஊர் அது. துளைப்போர், வெடி வைப்போர், தாங்குமரம் நிறுத்துவோர் என்று அங்கே உருவான தேர்ச்சி எந்தக் கல்லூரியிலும் கிடைக்காதது. 'உள்ளூர்ப் பயிற்சியை உள்ளூர்த் தொழிலோடு இணைத்தல்' என்று இன்று பேசப்படுவதற்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இருக்க முடியாது. 2001இல் ஒன்றிய அரசு பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மூடியது. அன்று அந்தத் தேர்ச்சி அனைத்தும் வாங்குவோரற்றுப் போயிற்று. மாற்றுத் தொழில் எதுவும் அங்கே அமைக்கப்படவில்லை. இன்றும் மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் ரயில்கள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் மக்களையும் பேரர்களையும் அள்ளிச் செல்கின்றன. அவர்களில் சிலர் கணினியின் முன் அமர்கிறார்கள். மிகப் பலர் அதே கண்ணாடிக் கட்டடங்களைக் காவல் காக்கிறார்கள், துடைக்கிறார்கள், உணவகங்களில் பரிமாறுகிறார்கள். தகவல் தொழில்நுட்பத்தின் தலைநகர் என்று கொண்டாடப்படும் நகரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரின் நிலை இது. நிலம், நீர், மின்சாரம், வரிச்சலுகை என அனைத்தையும் பெற்ற அத்துறை, தன் நிழல் விழும் தொலைவில் இருக்கும் ஊருக்கேனும் பயிற்சி அளித்திருக்கலாம் அல்லவா?

அப்படி ஒரு கடமையைச் சட்டமாக்கும் முயற்சி கர்நாடகத்தில் ஒருமுறை வந்து, இரண்டு நாட்களில் மறைந்தது. 2024 ஜூலையில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்த உள்ளூர் வேலைவாய்ப்பு மசோதா, நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் பிற பணிகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்றது. ஏடுகள் இந்த எண்களைப் பற்றி மட்டுமே விவாதித்தன. மசோதாவில் இன்னொரு பிரிவும் இருந்தது: தகுதியுள்ள உள்ளூர் ஆட்கள் கிடைக்காவிட்டால், நிறுவனம் அரசின் ஒத்துழைப்போடு மூன்று ஆண்டுகளுக்குள் அவர்களுக்குப் பயிற்சி அளித்து உருவாக்க வேண்டும். நமக்குத் தெரிந்தவரை, பயிற்சியை முதலாளியின் கடமையாக எழுதிவைத்த வரிகள் நம் நாட்டில் அரிது. இருபது ஆண்டுகளாகத் 'தகுதியான ஆள் இல்லை' என்று புலம்பிய நாஸ்காம் இப்பிரிவை வரவேற்றிருக்க வேண்டும். அதற்கு மாறாக, நிறுவனங்கள் மாநிலத்தை விட்டு வெளியேற நேரிடும் என்று எச்சரித்தது. ஆந்திர அமைச்சர் ஒருவர் உடனே எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைப்பு விடுத்தார். மசோதா கிடப்பில் போடப்பட்டது. மூலதனம் மாநிலங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பேரம் பேசும் முறைக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

மசோதாவை அப்படியே நாம் ஆதரிக்க முடியாது. பதினைந்து ஆண்டு வசிப்பையும் மொழித் தேர்வையும் அளவுகோலாக்கும் சட்டம், பெங்களூரின் கட்டுமானத் தொழிலாளியையும் தங்கவயலின் தமிழ்க் குடும்பத்தையும் சந்தேகத்துக்குரியவர்களாக நிறுத்தும் அபாயம் உண்டு. ஹரியானாவில் மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைந்த சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 சதவீத ஒதுக்கீடு அளித்த சட்டத்தைப் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என்று அறிவித்ததையும் நாம் அறிவோம். மண்ணின் மைந்தர் முழக்கம், வேலை தராத முதலாளியை விட்டுவிட்டு வேலை தேடிவந்த தொழிலாளியின் மீது பாய்வது. ஆனால் அந்த முழக்கத்துக்கு இடம் கொடுக்கும் கோபம் பொய்யல்ல. தன் ஊர் நிலத்தில் எழுந்த வளாகத்துக்குள் தன் பிள்ளை நுழைய முடியாத விவசாயியின் கோபத்தை இடதுசாரிகள் தம் கையில் எடுக்காவிட்டால் வேறு யாரோ எடுத்துக்கொள்வார்கள். உள்ளூரில் வசிக்கும் எவருக்கும், அவர் எம்மொழி பேசுபவராயினும், கூலியோடு கூடிய பயிற்சி அளிப்பது பொதுச் சலுகை பெற்ற நிறுவனத்தின் சட்டக் கடமை என்ற அந்த ஒரு பிரிவை எடுத்து நாம் உயர்த்திப் பிடிக்கலாம்.

கேரளத்தின் அனுபவம் இங்கே இருவகையில் பயன்படும். 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், கணினிக் கல்வியை அரசுப் பள்ளியின் பொதுப் பாடமாக்கியது; பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிப் பன்னாட்டு நிறுவனத்தின் உரிமக் கட்டணத்திலிருந்து விடுபட்டது. தாய்மொழியில், அரசு ஆசிரியரின் கையால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கணினி எட்டியது. எந்த நிறுவனத்தின் காலாண்டுக் கிராக்கிக்கும் அது கட்டுப்பட்டிருக்கவில்லை. ஆனால் இவ்வளவு செய்த கேரளத்தில்தான் இளைஞர்களின் வேலையின்மை விகிதம் நாட்டில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருக்கிறது. நம் தோழர்கள் சிலர் இதைப் பேசத் தயங்குவதுண்டு, தயங்க வேண்டியதில்லை. நல்ல பயிற்சி நல்ல மனிதர்களை உருவாக்கும். வேலைகளை உருவாக்குவது முதலீடு, அதிலும் ஒன்றிய அரசின் கையிலுள்ள பொது முதலீடு. பொதுத்துறையை விற்றுவிட்டு, காலிப் பணியிடங்களை நிரப்பாமல் வைத்துக்கொண்டு, திறன் இந்தியா என்று முழங்குபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

உரிமைகளின்றிப் பயிற்சி என்பது பயிற்சியாளர் என்ற பெயரில் மலிவான உழைப்புத்தான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பழகுநர் தொழிலாளி ஆகமாட்டார். ஆதலால் பெயரை மாற்றிச் சூட்டிய மறுகணமே சட்டப் பாதுகாப்பு நழுவிவிடுகிறது. கர்நாடக அரசு இத்துறைக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து பல்லாண்டுகளாக அளித்துவரும் விலக்கை 2024இல் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ, நிலையாணைக்கான வரம்பை 300 தொழிலாளர்களாக உயர்த்தி, நிலைத்த காலப் பணி நியமனத்தை இயல்பாக்கியுள்ளன. 2024இல் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் பேசப்பட்டபோது, கர்நாடகத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் வீதிக்கு வந்து போராடியது. இத்துறையில் சங்கமே சாத்தியமில்லை என்றவர்களுக்கு அது ஒரு பதில்.

ஆகவே நமது கோரிக்கைகள் பயிற்சி மைய வாசலிலிருந்தே தொடங்க வேண்டும். பயிற்சிக் காலத்துக்குக் குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும். நியமனக் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வைக்கும் காலத்துக்கு நிறுவனம் ஈடு தர வேண்டும். நிலையாணை விலக்கு நீக்கப்பட வேண்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் காலியாகக் கிடக்கும் பயிற்றுநர் இடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். 60,000 கோடி ரூபாயில் ஆயிரம் நிலையங்களை மேம்படுத்துவதாக 2025இல் அறிவித்த திட்டம், அந்நிலையங்களை நிறுவனங்களின் நிர்வாகத்துக்குக் கைமாற்றும் வழியாகிவிடக் கூடாது. திறன் கவுன்சில்களில் தொழிற்சங்கங்களுக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். தனியார் துறையில் சமூக இடஒதுக்கீடு என்ற நமது நெடுநாள் கோரிக்கை இங்கேதான் மிகக் கூர்மையாகப் பொருந்துகிறது; ஆங்கிலமும் நகரத்துப் பள்ளியும் இல்லாததையே தகுதிக்குறைவு என்று பெயரிடும் துறை இது.

கட்சிக் கிளைகளும் இளைஞர், மாணவர் அமைப்புகளும் உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. தம் பகுதியில் 2015 முதல் இயங்கிய திறன் மையங்கள் எவை, அவற்றில் பயிற்சி பெற்றதாகக் கணக்கில் உள்ளவர்கள் யார், அவர்களுக்கு உதவித்தொகை வந்ததா, இன்று என்ன வேலை செய்கிறார்கள் என்று வீடு வீடாகச் சென்று பதிவு செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மையவாரிப் பட்டியலைக் கேட்டுப் பெறலாம். தணிக்கையாளர் கணினியில் கண்டதை நாம் தெருவில் சரிபார்க்கலாம். இப்பதிவுகளை மாவட்டக் குழுக்கள் தொகுத்து, மாவட்டத் திறன் குழுவின் கூட்டத்திலும் மக்கள் மன்றத்திலும் முன்வைக்க வேண்டும். அப்போது நம்மிடம் வரும் பயிற்சியாளர்களை, வேலை கிடைக்கும் வரை காத்திராமல், அந்த நிலையிலேயே சங்கத்தில் சேர்க்க வழிசெய்வது பற்றித் தொழிற்சங்கத் தோழர்கள் இப்போதே விவாதித்து முடிவெடுப்பது நல்லது.